184 கிலோமீட்டருக்கு ஏன் ஒரு மணி நேரம்? திருச்சி – யாழ்ப்பாணம் விமானக் கணக்கு

திருச்சி விமான நிலையத்திலிருந்து நேர்கோடு போட்டால் கோயம்புத்தூர் விமான நிலையம் சுமார் 184 கிலோமீட்டர். யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையமும் அதே 184 கிலோமீட்டர்தான். ஒன்று மேற்கே, மற்றொன்று தென்கிழக்கே. கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறுகிறவர் யாரும் தொலைதூரப் பயணம் போகிறோம் என்று நினைப்பதில்லை. ஆனால் யாழ்ப்பாணம் என்றால் திருச்சிக்காரர் மனதில் அது எங்கோ இருக்கிற ஊர். நடுவில் கடலும் எல்லையும் இருப்பது ஒரு காரணம். பல பத்தாண்டுகள் நேர்வழி இல்லாமலே போனது இன்னொரு காரணம்.

2025 மார்ச் 30 அன்று இண்டிகோ நிறுவனம் திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நேரடி விமானத்தைத் தொடங்கியது. அதிலிருந்து இந்தத் தடத்தைப் பற்றி விசாரிப்பவர்கள் அதிகம். எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான் முதல் கேள்வி. இணையத்தில் இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் இரண்டையும் கணக்குப் போட்டுச் சொல்லும் பக்கங்கள் ஏராளம். அவை 184 கிலோமீட்டர் என்று சரியாகவே சொல்லும். நேரத்தை முக்கால் மணிக்குப் பக்கத்தில் போடும். விமான நிறுவனத்தின் அட்டவணையைப் பார்த்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்றிருக்கும். போய் வந்தவரிடம் கேட்டால், வீட்டை விட்டுக் கிளம்பி அங்கே வீடு போய்ச் சேர அரை நாள் ஆனது என்பார். இதில் யார் சொல்வதும் தவறில்லை. ஒவ்வொருவரும் வெவ்வேறு நேரத்தை அளக்கிறார்கள், அவ்வளவுதான்.

முதலில் தூரம். இதை நாமே காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம், பள்ளிக்கூடக் கணக்கு போதும். திருச்சி விமான நிலையம் இருப்பது வட அட்சரேகை 10.765 பாகை, கிழக்குத் தீர்க்கரேகை 78.710 பாகை. பலாலி 9.792 பாகை, 80.070 பாகை. வடக்கு தெற்காக இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.973 பாகை. ஒரு பாகையை அறுபது பங்காக்கினால் அட்சரேகையில் ஒவ்வொரு பங்கும் ஒரு கடல் மைல். கடலோடிகள் இந்த அளவைப் பிடித்துக்கொண்டதும், அவர்களிடமிருந்து விமானிகள் எடுத்துக்கொண்டதும் இந்த வசதிக்காகத்தான். அப்படியானால் தெற்கு நோக்கி 58.4 கடல் மைல். கிழக்கு மேற்கு வித்தியாசம் 1.36 பாகை, அதாவது 81.6 பங்கு. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கிவிடும் என்பதால் இதைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். நம் ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் அந்தக் குறைப்பு சொற்பம்: 0.984 ஆல் பெருக்கினால் 80.3 கடல் மைல். அப்புறம் பிதாகரஸ். 58.4இன் வர்க்கத்தையும் 80.3இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 99.3. கடல் மைல் ஒன்று 1.852 கிலோமீட்டர். விடை 184 கிலோமீட்டர்.

பூமி உருண்டை என்பதை இந்தக் கணக்கு முழுசாகக் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் இவ்வளவு குறைந்த தூரத்தில் அதனால் வரும் பிழை ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. சில இடங்களில் 99 என்றும் சில இடங்களில் 114 என்றும் பார்த்தால் குழம்ப வேண்டாம். முதலாவது கடல் மைல், இரண்டாவது நாம் சாதாரணமாகச் சொல்லும் மைல். விமான நிலையத்திலிருந்து அளக்காமல் நகரத்தின் மையத்திலிருந்து அளந்தாலும் எண் கொஞ்சம் மாறும்.

இந்த நேர்கோட்டை வரைபடத்தில் வைத்துப் பார்ப்பது எனக்குப் பிடித்தமான வேலை. திருச்சியில் தொடங்கி, தஞ்சாவூருக்குத் தெற்கே காவிரியின் கால்வாய்ப் பாசன நிலங்களுக்கு மேலே போய், பட்டுக்கோட்டையை ஒட்டி, மல்லிப்பட்டினத்துக்கும் அதிராம்பட்டினத்துக்கும் நடுவே கரையைத் தாண்டுகிறது. அதன் பிறகு பாக் நீரிணை. மொத்தத் தூரத்தில் ஏறக்குறைய பாதி நிலம், பாதி கடல். நேர்கோட்டில் கடல்பகுதி சுமார் 95 கிலோமீட்டர்தான். விமானம் இந்தக் கோட்டிலேயே போகும் என்று சொல்ல முடியாது. வான்வழித் தடங்கள், இரு நாட்டு வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு, அந்த நேரத்து மேகம், இவையெல்லாம் பார்த்துத்தான் பாதை அமையும். ஆனாலும் 184 என்பது அடிப்படை எண். அதற்குக் குறையாது.

சரி, 184 கிலோமீட்டரைக் கடக்க விமானத்துக்கு எவ்வளவு நேரம் வேண்டும்?

இந்தத் தடத்தில் ஓடுவது ஏ.டி.ஆர். 72 ரக விமானம். இறக்கையில் இரண்டு பக்கமும் பெரிய விசிறி சுழலும், எழுபது சொச்சம் இருக்கைகள் கொண்ட விமானம். உயரத்துக்குப் போய் நிதானித்துப் பறக்கும்போது அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவு. 184ஐ 500ஆல் வகுத்தால் 22 நிமிடம். இணையக் கணக்குகள் பலவும் இந்த விமானத்தைப் பார்ப்பதில்லை. எந்தத் தடமானாலும் மணிக்கு 800 கிலோமீட்டர் போகும் ஜெட் என்று வைத்துக்கொண்டு, ஏறவும் இறங்கவும் அரை மணி நேரத்தைச் சேர்த்துவிடும். இங்கே அப்படிப் போட்டால் 14 நிமிடமும் 30 நிமிடமும் சேர்ந்து 44 நிமிடம். சென்னை – தில்லி மாதிரி நீண்ட தடத்துக்கு இந்த முறை ஓரளவு ஒத்துவரும். சிறிய ஊர்களுக்கு இடையே ஒத்துவராது.

ஏன் ஒத்துவராது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். 15,000 அடி உயரத்துக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். அங்கிருந்து சீராக இறங்க விமானிகள் மனக்கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள்: ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல். அப்படிப் பார்த்தால் 15,000 அடி இறங்க 45 கடல் மைல் வேண்டும். மொத்தத் தூரமே 99 கடல் மைல். ஏறுவதற்கும் கிட்டத்தட்ட அதே அளவு தேவைப்படும். ஆக ஏறி முடித்த கொஞ்ச நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிட வேண்டும். பாதை பக்கவாட்டில் ஒரு கூடாரம் போலத்தான் இருக்கும், நடுவில் தட்டையான பகுதி மிகக் குறைவு. ஏறும்போது விமானத்தின் வேகம் குறைவு. இறங்கும் கட்டத்தின் கடைசிப் பகுதியில், சக்கரத்தை வெளியே எடுத்து ஓடுபாதைக்கு நேராக வரும்போது, வேகம் பாதிக்கும் கீழே வந்துவிடும். மணிக்கு 500 கிலோமீட்டர் என்பது இந்தப் பயணத்தில் சில நிமிடங்கள் மட்டுமே நடக்கிற விஷயம்.

அடுத்தது காற்றும் ஓடுபாதையும். விமானம் காற்றை எதிர்கொண்டுதான் கிளம்பும், காற்றை எதிர்கொண்டுதான் இறங்கும். திருச்சியின் ஓடுபாதை கிழக்கு மேற்காக அமைந்தது. ஆனி, ஆடி மாதங்களில் திருச்சியில் மேற்கிலிருந்து வரும் மேல்காற்று எப்படி அடிக்கும் என்று அந்த ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் விமானம் மேற்கு முகமாகத்தான் கிளம்பும், அதாவது யாழ்ப்பாணத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. மேலே எழுந்த பிறகுதான் வளைந்து திரும்பித் தென்கிழக்கைப் பிடிக்கும். பலாலி ஓடுபாதை வடகிழக்குக்கும் தென்மேற்குக்கும் இடையே கிடக்கிறது. தென்மேற்குக் காற்று வீசும்போது, வடமேற்கிலிருந்து வரும் விமானம் குடாநாட்டின் வடகிழக்குப் பக்கம் சுற்றிப் போய், அங்கிருந்து தென்மேற்கைப் பார்த்து இறங்க வேண்டும். ஒவ்வொரு வளைவும் சில நிமிடங்களைச் சாப்பிடும். வடகிழக்குப் பருவக்காற்றின்போது இதெல்லாம் தலைகீழாகும்: திருச்சியில் கிழக்கு முகமாகக் கிளம்பும்போது கொஞ்சம் லாபம் கிடைக்கும். ஒரே தடம், ஒரே விமானம், ஆனால் ஆடியில் ஒரு நேரம், மார்கழியில் ஒரு நேரம்.

இதற்கு மேல் தரையில் ஓடும் நேரம் இருக்கிறது. அட்டவணையில் போட்டிருக்கும் புறப்படும் நேரம் விமானம் தரையை விட்டு எழும் நேரம் அல்ல. நிறுத்தியிருந்த இடத்திலிருந்து அசையும் நேரம். வந்து சேரும் நேரமும் அப்படித்தான், அங்கே போய் நின்று சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் நேரம். இதைத் துறையில் பிளாக் டைம் என்பார்கள். எஞ்சினைக் கிளப்புவது, ஓடுபாதையின் முனை வரை உருண்டு போவது, வேறு விமானம் இறங்கினால் காத்திருப்பது எல்லாம் இதற்குள் அடங்கும். சொன்ன நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் இருந்தால் அதைத் தாமதம் என்று கணக்கில் எடுக்காத வழக்கமும் உண்டு. ஆனால் 15 நிமிடத்தைத் தாண்டிவிட்டால் நிறுவனத்தின் பெயர் கெடும். அதனால் அட்டவணையில் சில நிமிடங்களைக் கூடுதலாகவே வைப்பார்கள். சில நாள்களில் விமானம் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து சேர்வது பெரும்பாலும் இந்தக் கூடுதல் நிமிடங்களால்தான்.

இப்போது ஒரு சின்ன ஒப்பீடு. சென்னை – யாழ்ப்பாணம் நேர்கோட்டில் சுமார் 356 கிலோமீட்டர். சென்னை விமான நிலையத்துக்கு ஏறக்குறைய நேர் தெற்கே இருக்கிறது பலாலி, இரண்டின் தீர்க்கரேகைக்கும் ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்குதான் வித்தியாசம். அதே ரக விமானத்துக்கு இந்தத் தடத்தில் ஒரு மணி 20 நிமிட வாக்கில் ஆகும். திருச்சியிலிருந்து போவதைவிட 172 கிலோமீட்டர் அதிகம், ஆனால் நேரம் 20 நிமிடம்தான் அதிகம். தூரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, நேரம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. அந்தக் கூடுதல் 172 கிலோமீட்டர் முழுவதும் உயரத்தில், நல்ல வேகத்தில் கடக்கும் தூரம் என்பதே காரணம். 20 நிமிடத்தில் 172 கிலோமீட்டர் என்றால் மணிக்கு 500க்குச் சற்று மேலே. விமானத்தின் நிஜமான வேகம் இங்கேதான் தெரிகிறது.

இதிலிருந்து ஒரு கைக்கணக்கு கிடைக்கிறது. ஏ.டி.ஆர். விமானம் ஓடும் நம் ஊர்த் தடங்களுக்கு, முதலில் 40 நிமிடத்தை ஒதுக்கிவிட வேண்டும். அப்புறம் 100 கிலோமீட்டருக்கு 12 நிமிடம் வீதம் சேர்க்க வேண்டும். திருச்சி – யாழ்ப்பாணம்: 40க்கு மேல் 22, ஆக 62 நிமிடம். சென்னை – மதுரை சுமார் 418 கிலோமீட்டர்: ஒன்றரை மணி நேரம். சென்னை – தூத்துக்குடி சுமார் 529 கிலோமீட்டர்: ஒரு மணி 43 நிமிடம். இந்தத் தடங்களின் அட்டவணைகளைப் பார்த்தால் ஐந்து, பத்து நிமிடத்துக்குள் பொருந்தும். இணையப் பக்கங்கள் இந்த ஒரு மாற்றத்தைச் செய்தாலே பிராந்திய விமானத்தில் போகிறவர்களுக்குப் பெரிய உபகாரமாக இருக்கும்.

அந்த 40 நிமிடம் இயற்கை விதி இல்லை. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளில், வெஸ்ட்ரே என்ற தீவிலிருந்து பாப்பா வெஸ்ட்ரே என்ற தீவுக்கு லோகன்ஏர் நிறுவனம் 1967 முதல் விமானம் விடுகிறது. தூரம் 2.7 கிலோமீட்டர், அட்டவணையில் 2 நிமிடம். காற்று சாதகமாக இருந்த ஒருமுறை 53 வினாடியில் போயிருக்கிறார்கள். எட்டுப் பத்துப் பேர் ஏறும் சிறிய விமானம், இறங்கி ஏற ஒரு சிறு திடல். உருண்டு போக நீண்ட பாதை இல்லை, உயரம் ஏற வேண்டியதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் தூரம்தான் நேரம். இரண்டு நாடுகளுக்கு இடையே, எழுபது பேரை ஏற்றிக்கொண்டு போகும் விமானத்தில் அது நடக்காது.

இரண்டு நாடுகள் என்றதும் நேர மண்டலம் ஞாபகத்துக்கு வரும். இந்தத் தடத்தில் அந்தக் கவலை இல்லை. இலங்கை 1996இல் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்தது. 2006 ஏப்ரல் நடுவில் மறுபடி இந்திய நேரத்துக்கே திரும்பிவிட்டது. ஆகவே டிக்கெட்டில் இருக்கும் இரண்டு நேரத்தையும் அப்படியே கழித்துக்கொள்ளலாம்.

உண்மையில் நேரத்தை அதிகம் எடுத்துக்கொள்வது இரண்டு முனைகளிலும் இருக்கிற தரைப் பயணமும் வரிசைகளும்தான். திருச்சி தில்லைநகரில் ஒரு வீடு, யாழ்ப்பாணம் நல்லூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளலாம். புதுக்கோட்டை சாலையில் இருக்கும் விமான நிலையத்துக்குப் போக அரை மணி நேரம். வெளிநாட்டு விமானம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்வார்கள். பெட்டி போடுவது, குடியகல்வு, பாதுகாப்புச் சோதனை, காத்திருப்பு. விமானத்தில் ஒரு மணி நேரம். பலாலியில் குடிவரவு, சுங்கம், பெட்டிக்குக் காத்திருப்பது எல்லாம் சேர்த்து முக்கால் மணியிலிருந்து ஒரு மணி. அங்கிருந்து யாழ்ப்பாண நகரம் 16 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது, வாகனத்தில் அரை மணிக்கு மேல். எல்லாம் கூட்டினால் ஆறு மணி நேரம். இதில் பறக்கும் நேரம் ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

அப்படியும் ஆறு மணி நேரம் என்பது சாதாரண விஷயமில்லை. 2019 வரை திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போக வேண்டுமென்றால் கொழும்பு வழிதான். திருச்சியிலிருந்து கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையம் சுமார் 419 கிலோமீட்டர் தெற்கே. அங்கே இறங்கி, பஸ்ஸையோ ரயிலையோ பிடித்து, மறுபடியும் வடக்கு நோக்கி ஏழெட்டு மணி நேரம் வர வேண்டும். யாழ்ப்பாணத்தைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டுத் திரும்பி வருகிற கதை. கொழும்பிலிருந்து வரும் யாழ்தேவி ரயில்கூட 1990இல் நின்று, 2014இல்தான் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. ஒரு சாவு, ஒரு கல்யாணம் என்றால் உறவுக்காரர்கள் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாமல் போனதற்கு 184 கிலோமீட்டரைக் காரணம் சொல்ல முடியாது.

இவ்வளவுக்கும் இந்த வான்வழி புதிதல்ல. பலாலி விமானத் தளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை அமைத்தது. 1947 டிசம்பர் 10 அன்று இலங்கையின் ஏர் சிலோன் நிறுவனம் தன் முதல் விமானத்தை விட்டபோது அது கொழும்பை ஒட்டிய ரத்மலானையிலிருந்து கிளம்பி, காங்கேசன்துறை என்று அப்போது அறியப்பட்ட இந்த இடத்தில் இறங்கி, பிறகு சென்னைக்குப் போனது. அந்த டகோட்டா விமானம் இன்றைய ஏ.டி.ஆரைவிட மெதுவானது. ஆனாலும் 1947இன் யாழ்ப்பாணத்துக்காரர் 2015இல் இருந்தவரைவிட விரைவாகச் சென்னை போயிருப்பார். பின்னால் வந்த போர் அந்த வழியை அடைத்தது. பலாலியும் அதைச் சுற்றியிருந்த ஊர்களும் உயர் பாதுகாப்பு வலயமாயின, 1990இல் மக்கள் வெளியேற வேண்டி வந்தது. 2019 அக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாக அது திறக்கப்பட்டு, நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து விமானம் விட்டது. சில மாதங்களில் கொரோனா வந்து எல்லாம் நின்றது. 2022 டிசம்பரில்தான் மறுபடி தொடங்கியது. இண்டிகோ 2024 செப்டம்பரில் சென்னையிலிருந்தும், அடுத்த மார்ச்சில் திருச்சியிலிருந்தும் வந்து சேர்ந்தது.

கடல்வழியும் ஒன்று உண்டு. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. தூரம் சுமார் 60 கடல் மைல், கப்பலில் நான்கு மணி நேரம் அளவு. திருச்சியிலிருந்து நாகைக்குப் போகும் நேரம், துறைமுகத்தில் காத்திருப்பது எல்லாம் சேர்த்தால் ஒன்பது, பத்து மணி நேரம் ஆகிவிடும், கடல் கொந்தளிக்கும் மழைக்காலத்தில் அந்த வழியே இருக்காது. விமானத்தோடு ஒப்பிட்டால் கப்பல் மூன்று நான்கு மணி நேரம்தான் பின்தங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். வேகத்தில் இரண்டுக்கும் இருக்கும் இடைவெளியோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. வரிசையில் நிற்கும் நேரம் இரண்டுக்கும் பொது என்பதால் வருவது இது.

பலாலி ஓடுபாதையை நீட்ட வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக இருக்கிறது. இப்போதைய நீளத்தில் ஏர்பஸ் 320 போன்ற ஜெட் விமானங்கள் இறங்க முடியாது, ஏ.டி.ஆர். தான் வரும். நீட்டினால் பயண நேரம் பாதியாகும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். மேலே போட்ட கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 99 கடல் மைல் தூரத்தில் ஜெட் தன் முழு வேகத்தையும் எட்டுவதற்குள் இறங்க வேண்டி வரும். மிச்சமாவது ஐந்து நிமிடம் என்றாலே அதிகம். ஓடுபாதை நீண்டால் கிடைக்கும் நன்மை வேறு: இருக்கைகள் கூடும், பெட்டிகள் கூடுதலாக ஏற்றலாம், சிங்கப்பூர், வளைகுடா போன்ற தூர ஊர்களுக்கு நேரே போகும் வாய்ப்பு வரும். அதற்கு நிலம் வேண்டும். சுற்றியுள்ள நிலம், பலாலி அடங்கிய வலிகாமம் வடக்குப் பகுதி மக்களின் நிலம், அதைத் திரும்பப் பெறக் காத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் எத்தனை மீட்டர் நீட்டலாம் என்று பேசுவதில் நியாயமில்லை என்பது என் கருத்து.

திருச்சி – யாழ்ப்பாணம் பயணத்தை நிஜமாகவே சுருக்க வேண்டுமானால் கை வைக்க வேண்டிய இடம் அந்த மூன்று மணி நேரக் காத்திருப்பு. எழுபது பேர் மட்டும் ஏறும் விமானத்துக்கு, முந்நூறு பேர் ஏறும் விமானத்துக்குச் சொல்லும் அதே முன்நேரத்தைச் சொல்ல வேண்டுமா? திருச்சியில் 2024இல் திறந்த புதிய முனையம் பெரியது, வரிசைகளுக்கு இடம் இருக்கிறது. சிறிய விமானங்களுக்குத் தனிக் கவுண்டர் போட்டு ஒன்றரை மணி நேரம் முன்னதாக வந்தால் போதும் என்று ஆக்கினால், எந்த ஜெட்டாலும் தர முடியாத ஒன்றரை மணி நேரம் பயணிக்கு மிச்சமாகும். பலாலியில் குடிவரவு மேசை இன்னும் இரண்டு கூடினால் இருபது நிமிடம் குறையலாம். பகலில் ஒரு விமானம் மட்டும் இருக்கிற தடத்தில் அதைத் தவறவிட்டால் அடுத்தது மறுநாளோ அதற்கும் பிறகோதான். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இரண்டு சேவை வந்தால் அன்றே போய் அன்றே திரும்பலாம். கோயம்புத்தூருக்கு அப்படித்தானே போய் வருகிறோம்.